கம்ப்யூட்டர் படத்து அக்கா

என்னிடம் வேலை பழகிய கவிதா இப்போது தேனியில் ஒரு பெரிய பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர்களுக்கெல்லாம் தலைவி. போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே வந்திருக்கிற புதுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். பல் அடைக்க வருகிற குழந்தைக்குக் கண்ணை முழுக்க மூடுகிற கனத்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே கடல், மீன், ஆமை எல்லாம் ஓடுகிறது. பிள்ளை மீனைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே டாக்டர் ஊசி போட்டு முடித்துவிடுகிறார். இதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எத்தனை பிள்ளைகளின் கையைப் பிடித்து நான் கடி வாங்கியிருக்கிறேன்!

அடுத்த அறையில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. எதிரில் நின்று சிரித்தால் நம் முகம்தான் தெரிகிறது, பல் மட்டும் புதுசு. தலையைத் திருப்பினால் அந்தப் பல்லும் கூடவே திரும்புகிறது. "நில்லுங்கக்கா, ஒரு தடவை சிரிங்க" என்றாள் கவிதா. மாட்டேன் என்றேன். பயிற்சிக்கு வந்திருந்த பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் விடாப்பிடியாக நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கிழவிக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பார்கள். கிளம்பும்போது, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்கக்கா, இந்தப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன்" என்று கவிதா கேட்டாள். எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டுவதா வேண்டாமா என்று அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றாறில். அதுவரை போடியில் ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தேனி காய்கறி மண்டியில் எடை போடுகிறவர். மண்டி முதலாளிக்குப் பல் கட்டிய டாக்டர், உதவிக்குப் பத்தாவது படித்த பெண் ஒருத்தி வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இவர் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

பல் ஆஸ்பத்திரிக்கு என்னை வேலைக்கு அனுப்பியதே ஒரு வேடிக்கைதான். என் முன்பல் இரண்டும் உதட்டைத் தாண்டி வெளியே நிற்கும். உதட்டை மூட வேண்டுமானால் நானாக முயற்சி எடுத்து மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தேங்காய்த் துருவி. கல்யாணப் போட்டோவில் வாயை இறுக்கிக்கொண்டு, யார் மேலோ கோபமாக இருக்கிற மாதிரி நிற்பேன். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். முதல் நாள் டாக்டர் ஒரு மாஸ்க்கை எடுத்துக் கொடுத்து, "வேலை நேரம் முழுக்க இதைக் கழட்டக் கூடாதும்மா" என்றார். சம்பளம் என்ன என்றுகூட நான் அப்புறம் கேட்கவில்லை. மூக்குக்கு மேலே மட்டும் பார்த்தால் நான் ஒன்றும் மோசமில்லை.

முதல் இரண்டு வருஷம் கழுவினேன், கொதிக்கவைத்தேன், துடைத்தேன். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்தமாகப் பேசமாட்டார். எதைச் செய்தாலும் முதலில் சொல்லிவிடுவார். "இப்பக் காத்து வரும். இப்பத் தண்ணி வரும். இப்ப ஒரு சத்தம் கேக்கும், அது மெஷினு, உங்க பல்லு இல்ல." வலிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஒரு கடி கடிக்கும். நான் சொல்லிட்டுத்தான் குத்துவேன்" என்பார். ஊசியை நான் பேஷண்ட்டின் தாடைக்குக் கீழாகத்தான் நீட்ட வேண்டும், கண்ணுக்கு நேராகக் கொண்டுபோகக் கூடாது. அவர் இடது கையால் கன்னத்தை இழுத்து லேசாக ஆட்டிக்கொண்டே வலது கையால் போடுவார். கன்னம் ஆடுகிற ஆட்டத்தில் ஊசி போனதே பலருக்குத் தெரியாது.

பல்லுக்கு அளவு எடுப்பது என் பொறுப்பாயிற்று. ரப்பர் கிண்ணத்தில் அச்சு எடுக்கிற மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டு, கிண்ணத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் குழைக்க வேண்டும். ஒரு கட்டி இருந்தாலும் அளவு கெட்டுப்போகும். சித்திரை வெயிலில் மாவு நாம் பேசி முடிப்பதற்குள் இறுகிவிடும், அதனால் பானைத் தண்ணீரைத்தான் விடுவேன். அதை வாயில் வைத்ததும் சிலருக்குக் குமட்டிக்கொண்டு வரும். அப்போது, "மூக்கால மூச்சு விடுங்க, வலது காலைத் தூக்கிப் பிடிங்க" என்று சொல்லச் சொல்லிக்கொடுத்தார் டாக்டர். காலைக் கீழே போட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் ஆள் குமட்டலை மறந்துவிடும். காலைத் தூக்கியபடி எத்தனை பெரிய மனிதர்களைப் பார்த்திருப்பேன்!

பிறகு கேமரா வந்தது. பேனா மாதிரி இருக்கும், வாய்க்குள் விட்டால் டிவியில் பல் தெரியும். தேவாரத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர் தன் கடைவாயை டிவியில் பார்த்துவிட்டு, "டாக்டரே, அந்தா கெடக்குறது நேத்துத் தின்ன கொய்யாப்பழ விதைதானே?" என்று கேட்டார். அதுதான். அதற்கு முன்னால் சொத்தை என்று சொன்னால் நம்பாத சனம், டிவியில் பார்த்தவுடன் நம்பியது. டாக்டருக்கு இதில் ஆசை வந்துவிட்டது. கேமராவுக்குப் பின்னாலேயே கம்ப்யூட்டரும் வந்தது. வைத்தியம் செய்தால் முகம் எப்படி மாறும் என்று முன்கூட்டியே காட்டுகிற புரோகிராம் அதில் இருந்தது. இப்போது கவிதா காட்டிய திரைக்கு அது பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதைப் பொருத்துவதற்கு மதுரையிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான். வேலை செய்து காட்ட ஒரு முகம் வேண்டும் என்றான். டாக்டர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பேச்சி, மாஸ்க்கைக் கழட்டிட்டு அந்தச் செவுத்தோரமா நில்லும்மா" என்றார். வெளியே காத்திருந்த பேஷண்ட்டுகளும் வேடிக்கை பார்க்க உள்ளே வந்துவிட்டார்கள். மாஸ்க்கைக் கழற்றினேன். "நல்லாச் சிரிங்க மேடம், பல்லு முழுசாத் தெரியணும்" என்றான் பையன். வாழ்க்கையில் முதல் தடவையாக, கையைக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, பத்துப் பேருக்கு முன்னால் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதுவும் போட்டோவில் விழுந்திருக்கிறது.

பையன் என் பல்லை அழித்தான். வேறு ஒரு வரிசையை எடுத்து வைத்தான். மேலுதட்டைப் பிடித்துக் கொஞ்சம் கீழே இறக்கினான். நின்றவர்கள் எல்லாரும் "ஆ" என்றார்கள், ஒரு அம்மா கைதட்டினாள். திரையில் ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவள். அதே மூக்குத்தி, அதே பொட்டு.

டாக்டர் நல்லவர். மறுநாளே, "கம்பி போட்டா ஒன்றரை வருஷத்துல நெசமாவே இப்படி ஆகிரும். ஒனக்கு நான் சும்மாவே போட்டு விடுறேன்" என்றார். வீட்டில் சொன்னேன். "நாப்பதைத் தொடப்போற வயசுல வாயில கம்பியைக் கட்டிக்கிட்டுத் திரியப் போறியா? ஊருல சிரிப்பாக" என்றார் என் வீட்டுக்காரர். நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சொன்னது ஒரு சாக்குத்தான். கம்பியோடு பஸ்ஸில் ஏறி இறங்க எனக்கே தைரியம் இல்லை.

ஆனால் படம் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. புதிதாக யார் வந்தாலும் டாக்டர் அதைத்தான் முதலில் காட்டுவார். "பாருங்க, இது நம்ம சிஸ்டர். இப்படி இருக்காக, வைத்தியம் பண்ணினா இப்படி ஆவாக." பேஷண்ட் திரையைப் பார்ப்பார். பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார். பிறகு மறுபடி திரையைப் பார்ப்பார். சிலர், "மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்குங்க சிஸ்டர், பாத்துக்கிடுறோம்" என்று கேட்பார்கள். இறக்கிக் காட்டுவேன். "அப்புறம் ஏன் நீங்க செஞ்சுக்கிடல?" என்பார்கள். "அவுகளுக்கு நேரம் எங்க இருக்கு, என்னோட மல்லுக்கட்டவே சரியாப்போகுது" என்று டாக்டர் சிரிப்பார். நானும் மாஸ்க்குக்குள் சிரிப்பேன். தினமும் இது நடந்தது. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்தத் துணி எனக்கு ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

கொஞ்ச நாளில் படம் மாற்றுகிற வேலையும் என் கைக்கு வந்தது. பேஷண்ட்டைச் சுவரோரம் நிறுத்தி, "ஈன்னு காட்டுங்க" என்று படம் எடுப்பேன். பிறகு பல்லை மாற்றி, அச்சடித்து, வீட்டில் கலந்து பேசுவதற்காகக் கொடுத்தனுப்புவேன். இது கம்ப்யூட்டர் படம், வைத்தியத்துக்குப் பிறகு ஏறக்குறைய இப்படி வரலாம் என்று கீழே ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அது டாக்டரின் சட்டம்.

ஓடைப்பட்டியிலிருந்து சுகந்தி வந்தது அப்போதுதான். அப்பா ராமையா திராட்சை போட்டிருந்தார். அம்மா இல்லை. சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தாள் சுகந்தி. முன்பல்லில் பழுப்புக் கறை. போர்வெல் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறதுதான். சின்ன வயதில் விழுந்ததில் ஒரு பல்லின் முனை வேறு உடைந்திருந்தது. டாக்டர் என் படத்தைக் காட்டினார், அவளும் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவளைச் சுவரோரம் நிறுத்தி நான் படம் எடுத்தேன். வெள்ளையாக, வரிசையாக, அவள் முகத்துக்குப் பொருத்தமான பல்லாகத் தேடி எடுத்து வைத்தேன். ராமையா அச்சடித்த படத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஈறு வீங்கியிருக்கு. மொதல்ல சுத்தம் பண்ணி அது ஆறட்டும், பல்லு மேல கேப் போடுறதைப் பத்தி அப்புறம் யோசிப்போம். ஆறேழு மாசம் ஆகும்" என்றார் டாக்டர்.

ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ராமையா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆத்தா, ஞாயித்துக்கெழமை தேவாரத்துல இருந்து பொண்ணு பாக்க வர்றாக. நீங்க வந்து கூட இருக்கணும். வைத்தியம் நடந்துக்கிட்டு இருக்குன்னு ஆசுபத்திரி ஆளே சொன்னா அவுகளுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல."

என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கூப்பிடுகிறாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே ராமையா என் காதில், "நீங்களா ஒண்ணும் சொல்ல வேணாம் ஆத்தா. அவுக கேட்டாச் சொல்லிக்கிடலாம்" என்றார். எனக்கு அது விளங்கவில்லை. உள்ளே போனதும், "இது என் ஒண்ணுவிட்ட தங்கச்சி, தேனியில இருக்கு" என்று அறிமுகம் செய்தார். நான் திகைத்துப்போய்க் கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா, "போட்டோவைப் பாத்தவுடனே எங்க எல்லாருக்கும் புடிச்சுப்போச்சு" என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். நான் அச்சடித்த படம்! கீழே இருந்த வரியை வெட்டிவிட்டு, ஸ்டுடியோவில் கொடுத்து லேமினேஷன் செய்திருந்தார்கள். கம்ப்யூட்டர் என்ற பேச்சே அவர்கள் காதுக்குப் போகவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்து போகவும் முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் சுகந்தியும் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தாள். உதட்டைத் திறக்காமல் இருக்கும்படி அவளுக்கு உத்தரவு.

மாப்பிள்ளையின் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒங்களை எங்கனயோ பாத்திருக்கேனே" என்றாள். "தேனியிலதான் இருக்கேன், கடைகண்ணியில பாத்திருப்பீக" என்று கையால் வாயை மறைத்தபடி சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா ஒரு கதை சொன்னார். "பொண்ணுக்குன்னு மல்லியப்பூ வாங்கி பஸ்ஸுல சீட்டு மேல வெச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரர் வந்து அது மேலயே உக்காந்துட்டாக. சின்னமனூரு வரைக்கும் பூவைக் காணோம் காணோம்னு அவுகளே தேடுறாக!" வீடே சிரித்தது. நானும் என்னை மறந்து சிரித்துவிட்டேன், கை வாய்க்குப் போவதற்கு முன்னால்.

"ஆங்!" என்றாள் அந்த அக்கா. "நீங்க அந்தக் கம்ப்யூட்டர் படத்து அக்காதானே? யம்மா, நான் சொல்லலை, தேனிப் பல்லாசுபத்திரியில ஒரு அக்காவோட எத்துப்பல்லை டிவியிலயே மறைய வெச்சுக் காட்டுனாகன்னு? அவுகதான் இவுக!"

சந்தோஷமாகத்தான் சொன்னாள். தெரிந்த முகத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம். அவளுடைய அம்மா என்னைப் பார்த்தார். கையிலிருந்த போட்டோவைப் பார்த்தார்.

"அப்ப, இது?"

சுகந்தி காபித் தட்டோடு வந்து நின்றாள். "ஆத்தா, கொஞ்சம் சிரி, பாப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. சுகந்தி அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலையை நிமிர்த்தி, இரண்டு உதட்டையும் நன்றாக விலக்கி, பல்லைக் கடித்து, ஈ என்று காட்டினாள். நான் சுவரோரம் நிறுத்திச் சொல்லிக்கொடுத்தேனே, அதே மாதிரி. மாப்பிள்ளைப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பல்லு எப்படி இருந்தா என்னங்க?" என்றார் அந்த அம்மா ராமையாவிடம். "எங்க வீட்டுலயும் அழகுராணி யாரும் இல்ல. சொல்லிட்டுக் காட்டியிருந்தா நாங்க ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டோம். படத்தைக் காட்டி, ஆசுபத்திரி ஆளைச் சொந்தம்னு உக்கார வெச்சு, என்னங்க இது?" காபியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவ்வளவு மரியாதைப்பட்டவர்கள். போட்டோவைப் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

ராமையா திராட்சைப் பந்தல் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. சுகந்திதான் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா, நான் மொத நாளு வந்தப்ப அந்தப் படத்தைப் பாத்துட்டு ஒங்களைத் திரும்பிப் பாத்தேன்ல. உள்ளுக்குள்ள சிரிச்சேங்க்கா. மன்னிச்சிருங்க" என்றாள். நான் பஸ்ஸில் கால் வைத்தபோது கேட்டாள்: "அந்தப் படத்தை எடுத்துருங்கன்னு நீங்க டாக்டர்கிட்டச் சொன்னதே இல்லையா?"

சுகந்தியின் கதையை முடித்துவிடுகிறேன். சில மாதம் கழித்து அவளே தனியாக வந்தாள். ஈறு நன்றாக ஆறியிருந்தது. டாக்டர் கேப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், "ஒடஞ்ச முனையை மட்டும் அடைச்சு விடுங்க சார், அது நாக்குல குத்துது. மத்தது இருக்கட்டும்" என்றாள். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அடுத்த வருஷம், கூட வேலை பார்த்த வாத்தியார் ஒருவரோடு அவளுக்குக் கல்யாணம் நடந்தது. தினமும் அவள் சிரிப்பதைப் பார்த்த ஆள்தான். பத்திரிகை வைக்க வந்தாள். நான் போகவில்லை. ராமையாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

இனி, பெண் பார்க்க வந்ததற்கு மறுநாள் திங்கட்கிழமை. டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஓடைப்பட்டியில் நடந்ததை எல்லாம் சொன்னேன். குழாயை மூடிவிட்டு ஈரக் கையோடு அப்படியே நின்றார். "இனிமே யாருக்கும் படம் வீட்டுக்குக் குடுத்து விட வேணாம்" என்றார். என் படத்தைக் காட்டுவது பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும் என்று சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவருடைய முகம் சுருங்கிப்போயிற்று.

"எனக்குத் தோணவே இல்லையேம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! இத்தனை நாளா..." என்றார். உடனே போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார். என் படத்தைத் திறந்தார். ஒரு பக்கம் நான், இன்னொரு பக்கம் அவள்.

"அழிச்சிரவா?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டாக்டர் வீட்டுக்குப் போனபின் நான் என்ன செய்வேன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது. டிபன் பாக்ஸைத் திறப்பதற்கு முன்னால் அந்தப் படத்தைத் திறப்பேன். இடது பக்கம் இருக்கிற என்னைக் கையால் மறைத்துக்கொண்டு அவளை மட்டும் பார்ப்பேன். எதற்கும் பயப்படாமல் சிரித்துக்கொண்டிருப்பாள். தேய்த்த புடவை கட்டிவந்த நாளில் இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்பேன். சுகந்தி கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை.

"இருக்கட்டும் சார்" என்றேன்.

டாக்டர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் ஏதாவது கேட்டிருந்தாலும், கேலி செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒன்றுமே சொல்லாமல் எழுந்து, படத்தைத் திரையில் அப்படியே விட்டுவிட்டு, கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு வெளியே போனார். அடுத்த பேஷண்ட்டின் பெயரை அவரே கூப்பிடுவது எனக்கு உள்ளே கேட்டது. அது என் வேலை.